ஒரு கரண்டி உப்பு

வார்சினிக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை. செமாராங் கடலோரக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கடல் வீட்டுக்குள் வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. அப்படிக் கடல் ஏறி வந்தால், 'ரோப்' வந்துவிட்டது என்பார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சோறு வடிப்பார்கள். மின்சாரம் என்றால்தான் அவளுக்குக் குலை நடுங்கும். அவளுடைய தம்பி ஷாக் அடித்துத்தான் செத்தான்.

அதனால்தான் மத்தியானம் மகள் வெனிங் கட்டிலில் ஒயரும் ஆணியுமாகப் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் எரிந்து விழுந்தாள்.

"ரெண்டே ரெண்டு டார்ச் செல்லும்மா, ஷாக்கெல்லாம் அடிக்காது. இங்க பாரேன்."

டம்ளர் தண்ணீருக்குள் இரண்டு ஆணிகள். பொட்டளவு எல்இடி பல்பு எரியவில்லை. வெனிங் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினாள். பல்பு எரிந்தது.

"உப்பு சேந்தா தண்ணியில கரண்ட் நல்லா ஓடும்மா!"

"உன் மாமன் போனது பத்தலையா? நீயும் போய்ச் சேரணுமா?"

டம்ளரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள். வெனிங் அழுதுகொண்டே செல்லையும் பல்பையும் தலையணைக்கு அடியில் ஒளித்தாள். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிப்போனார்கள். கால்மாட்டில் பூனை பெலாங்கும் சுருண்டிருந்தது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தண்ணீர் என்றுமில்லாத உயரத்துக்கு ஏறி, மரக்கட்டிலின் சட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. செங்கல்மேல் தூக்கி வைத்த ஃப்ரிட்ஜ் இன்னும் உறுமியது. பூனையைக் காணோம். வார்சினி கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை இறக்கப்போனாள்.

"கால எடும்மா!" வெனிங் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். "ஜங்ஷன் பாக்ஸ் முங்கிடுச்சு. இது கடத்தண்ணிம்மா, உப்பு!"

ஃப்ரிட்ஜின் ஒயர் தண்ணீருக்குள் போய் மறைந்திருந்தது. வார்சினி காலை மடக்கிக் கட்டிலில் ஏற்றிக்கொண்டாள். இத்தனை வருஷமும் இதற்குள்தானா நடந்தோம்?

தண்ணீருக்கு மேலே உயர்த்திக் கட்டிய வாசற்படியில் காலடிச் சத்தம். புருஷன் காஸ்தி வலையை இறக்கிப் போட்டான்.

"மாஸ், உள்ள வராதீங்க! தண்ணியில கரண்ட்!"

"ஆமா, திமிங்கலம்கூட இருக்கு. பசிக்குது, சோத்தப் போடு."

கதவு திறந்தது. அவன் கால் தூக்கினான்.

வார்சினி அன்றுவரை புருஷனை மரியாதையாக 'மாஸ்' என்றல்லாமல் ஒருமையில் கூப்பிட்டதில்லை. "டேய், கால வெச்சா செத்துருவடா! மெயின அமத்து!" என்று வீறிட்டாள்.

அந்த 'டேய்' அவனை அப்படியே நிறுத்திவிட்டது. வெளிச்சுவரில் மீட்டரைத் தடவும் சத்தம். டொக். ஃப்ரிட்ஜ் அடங்கியது. அதற்குள் வீட்டில் இருட்டிவிட்டிருந்தது.

"ஆத்தாளுக்கும் பொண்ணுக்கும் பைத்தியம் புடிச்சுருச்சு," என்று முணுமுணுத்தான். "பெலாங் எங்க? நான் வந்தா காலச் சுத்துமே."

வெனிங் தலையணைக்கு அடியில் துழாவினாள். பொட்டு பல்பு எரிந்தது.

ஃப்ரிட்ஜின் பக்கத்தில் பெலாங் மிதந்தது. நாலு காலும் விறைத்திருந்தன.

காஸ்தி படியிலேயே குந்திவிட்டான். மெயின் அணைந்துவிட்டது என்று தெரிந்தும் வார்சினியால் காலை இறக்க முடியவில்லை.

"செல்லு தீந்துடாதேடி?" என்று கேட்டவள், மகளின் கையைப் பல்போடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.