எட்டுக் கட்டைச் சத்தம்

ஆமி முகாமில் புதிதாக வந்திறங்கிய பல்குழல் றொக்கெட்டைச் சனிக்கிழமை காலையில் சுட்டுப் பார்க்கப் போகிறார்களாம், காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று விதானையார் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். காதைப் பொத்தினால் சரியாம்! அவருக்கென்ன, சொல்லியாயிற்று. ஜெயந்தன்தான் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

விதுர்ஷாவுக்கு ஆறு வயது. கடல் ஊருக்குள் வந்த அன்று, அந்த இரைச்சலில் வாய் மூடியவள். இரண்டு வருடமாக ஒரு சொல் இல்லை. டொக்டர், மந்திரம், அமிர்தகழிக் கோயிலில் நேர்த்தி, எதையும் அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. போன மாதம்தான் சோற்றைத் தள்ளிவிட்டு "வேணாம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தாய் அன்னப்பூரணி தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். பிறகு "அம்மா" வந்தது. இன்னொரு பெரிய சத்தம் மட்டும் கேட்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு நல்லரத்தினம் குடும்பத்தோடு உழவு மிசினில், சத்தம் எட்டாத களுவாஞ்சிக்குடிக்குப் புறப்பட்டார்.

"லேண்ட்மாஸ்டர்ல இடம் கிடக்கு சேர். புள்ளய ஏத்துங்க."

அன்னப்பூரணி பையைத் தூக்கிவிட்டாள். ஆனால் வழியெல்லாம் சோதனைச்சாவடி, துவக்கைக் கண்டாலே பிள்ளை நடுங்குவாள். ஜெயந்தன் பௌதிகவியல் படிப்பிப்பவன். தூரம் கூடக் கூடச் சத்தம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் பாலத்தால் சுற்றிச் சைக்கிள் மிதித்தவன் அவன். மைலுக்கு ஒரு கட்டையாக அந்த எட்டுக் கட்டையும் அவன் காலுக்குத் தெரியும்.

"இஞ்ச வரக்குள்ள லொறி போற சத்தம்தான் அன்னம்."

"உறுதியாத்தான் சொல்றீங்களா?"

"எட்டுக் கட்டை கா. பயப்படாத."

அவள் பையை இறக்கி வைத்தாள். புருசன் படித்தவன், நம்பினாள், பாவி.

சனிக்கிழமை பிள்ளை வாசலில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாவது கிளம்பியதும் தகரக் கூரை துள்ளியது. ஜெயந்தன் நிமிர்ந்து பார்த்தான். புகை எழுந்தது நேர் எதிரே, வாவிக்கு அக்கரையில். இடையில் வெறும் தண்ணீர், ஒரு கட்டை கூட இராது. ஐயோ, சத்தம் எங்கே பாலத்தால் சுற்றி வரப்போகிறது! "மடையன், மடையன்" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். அவன் பிள்ளையை அள்ளுவதற்குள் மிச்சச் சத்தமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

நல்லரத்தினம் வீட்டுக்காரர் திங்கட்கிழமையே சுகமாகத் திரும்பி வந்தார்கள். விதுர்ஷாவிடம் வந்திருந்த இரண்டு சொல்லும் அந்தச் சனிக்கிழமையோடு போய்விட்டன. அன்னப்பூரணி ஏசியிருந்தாலாவது ஜெயந்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாசி கழிந்து ஒரு நாள் விதுர்ஷா அடுப்பில் கையை வைத்துவிட்டாள். உள்ளங்கை கொப்புளித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாயிலிருந்து ஒரு முனகல் கூட இல்லை.

"கத்து மகள்! ஒருக்காக் கத்து!" என்று அன்னப்பூரணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிள்ளை தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.