கட்டில் பக்கத்துச் சுவிட்ச்

சாவி வாங்குவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் ஒட்டச் சொல்லி, கட்டியவர்கள் ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் அதை அப்படியே டெஸ்டர் கையில் திணித்துவிட்டார்கள். டெஸ்டர் என்றால் மனிதர்தான், மகளின் அப்பா. முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாக வயரிங் செய்தவர். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அவருக்கு வைத்த பெயரை அவர் பெண்டாட்டியே மறந்துவிட்டுத்தான் செத்தாள்.

அன்றைக்கு மனிதருக்கு வாயெல்லாம் பல். இருக்காதா பின்னே? மூன்று மாதத்துக்கு முன் தன் சொந்த வீட்டை விற்று, வந்ததை முழுசாக மகளிடம் கொடுத்திருந்தார். "கீழ் ரூம் உங்களுக்குத்தாம்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் சொன்னாள். அதிலிருந்து மகளின் வாடகை வீட்டுச் சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறார். இன்னும் ஒரு வாரம், பிறகு சொந்தக் கட்டில், சொந்தக் கதவு.

ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருபத்துநாலு வீடுகள். ரயில் நிலையத்துக்கு எட்டு நிமிட நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நாய் துரத்தினால் எட்டு நிமிடம். மாப்பிள்ளைக்கு வேலை பெரிய நகரத்தில், விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே வீடு வாங்க வக்கில்லாதவர்கள் எல்லாரும் இந்த ஊருக்குத்தான் வந்து விழுகிறார்கள்.

டெஸ்டர் சமையலறையில் ஆரம்பித்தார். பிளக் பாயிண்ட் ஒன்று கோணல், ஸ்டிக்கர். கூடத்தில் சுவிட்ச் போர்டு மூடி ஆடுகிறது, ஸ்டிக்கர். சைட் இன்ஜினியர் என்ற இளைஞன் அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே வந்து குறித்துக்கொண்டான்.

"எங்கப்பா கண்ணுலேருந்து ஒண்ணும் தப்பாது" என்றாள் மகள், பெருமையாகத்தான்.

கீழ் அறைக் கதவைத் திறந்ததும் டெஸ்டர் நின்றுவிட்டார். ஒரு சுவர் நீளத்துக்கு ஆறு பிளக் பாயிண்ட் வரிசையாக இருந்தது. ஆனால் கட்டில் போடுகிற சுவர் மொட்டையாக இருந்தது. வாசலில் விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்தபடியே அணைக்கிற இன்னொரு சுவிட்ச் எங்கே? படுக்கையறை என்றால் அது இருந்தாக வேண்டும். வேலை கற்ற முதல் மாதத்திலேயே அவருக்குத் தெரிந்த விஷயம் அது.

"என்ன தம்பி வேலை இது? கட்டில் பக்கத்துல சுவிட்ச் எங்க?"

"டிராயிங்ல இருக்கறபடிதான் சார் போட்டிருக்கோம்."

"அப்பா, விடுங்க. மாடிக்குப் போலாம்" என்றாள் மகள் அவசரமாக.

"நீ சும்மா இரும்மா. இவங்கள இப்படியே விட்டா நம்ம தலையில மிளகாய் அரைச்சுடுவாங்க. ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிற மனுஷன், இருட்டுல தடவித் தடவியா போவான்?"

மாப்பிள்ளை கைபேசியில் தலையை விட்டுக்கொண்டார். மகள் இன்ஜினியரைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அந்தப் பையனும் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். டெஸ்டர் விட்டால்தானே? ஒற்றைக்காலில் நின்றார்.

"பெட்ரூமுக்கு சுவிட்ச் வைக்கத் தெரியாதவன்லாம் இன்ஜினியராம்! எடுய்யா அந்த டிராயிங்க!"

பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பையன் வெடுக்கென்று தாளை உருவி அவர் முன்னால் விரித்தான். "இது பெட்ரூமே இல்ல சார். ஆபீஸ் ரூம். உங்க வீட்டுலேருந்துதான் மாத்தச் சொன்னாங்க. இதோ, கையெழுத்து."

மகளின் கையெழுத்துதான். வரைபடம் கைக்கு வந்தால் தேதியைப் பார்ப்பது டெஸ்டரின் தொழில் பழக்கம். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. அவர் வீட்டை விற்றது மூன்று மாதத்துக்கு முன்னால். கீழ் ரூம் உங்களுக்கு என்று கையைப் பிடித்தபோதே, பாவி மகளுக்கு அந்த ரூம் இல்லை என்று தெரியும்.

"அவருக்கு வாரத்துல மூணு நாள் வீட்டுலேருந்துதாம்பா வேலை. மீட்டிங்னா கதவச் சாத்திக்கணும்."

"மேல?"

"ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு பாப்பாவுக்கு. வளர்ற பொண்ணுல்ல?"

"அப்ப நான்?"

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்ல இடமாப் பார்த்து வெச்சிருக்கோம் மாமா. இதே லைன்ல நாலு ஸ்டேஷன் முன்னாடி. உங்க வயசுக்காரங்க நாப்பது பேர் இருக்காங்க, உங்களுக்குப் பொழுது போயிடும். நான் வேலைக்கு அந்த வழியாத்தான போறேன்?"

விரைவு ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்காது. அது டெஸ்டருக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"சாவி வாங்கிட்டு நிதானமா சொல்லலாம்னு" என்றாள் மகள். அதாவது, ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு.

இன்ஜினியருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சார், வேணும்னா சுவரக் கொத்தி ஒரு சுவிட்ச் வெச்சுத் தர்றேன். ரெண்டு நாள் வேலைதான்" என்றான்.

"ஐயோ, வேணாம். பெயிண்ட் பாழாயிடும்" என்றாள் மகள்.

வேறு யாராவதாக இருந்தால் ஸ்டிக்கரை அவள் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வெளியே நடந்திருப்பார்கள். நடந்தால் எங்கே போவது? அவருக்கு இருந்த ஒரே வாசற்படியைத்தான் விற்றாகிவிட்டதே. மகள் பக்கத்தில் வந்து, சின்ன வயதில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். "அப்பா, மாடி பாத்ரூம் ஹீட்டர மட்டும் பார்த்துடறீங்களா? பாப்பா குளிக்கற இடம்."

டெஸ்டர் படியேறினார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். எர்த் வயரை இணைக்காமல் அப்படியே சுருட்டி உள்ளே விட்டிருந்தான் எந்தக் கடன்காரனோ. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து, பேத்தி ஈரக்கையோடு குழாயைத் தொட்டால்? இன்ஜினியரைக் கூப்பிடவில்லை, ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. தானே வயரைச் சீவி, முறுக்கி, இறுக்கி, இழுத்துப் பார்த்து, மூடியை மாட்டி, மெயினைப் போடச் சொன்னார். குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்.

காலி வீட்டில் கீழே கிசுகிசுத்தாலும் மாடியில் கேட்கும். மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பார்த்தீங்களா? நீங்கதான் சும்மா பயந்தீங்க. அப்பா ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

டெஸ்டர் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்து, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதார்.

"அப்பா! சுடுதண்ணி வருதா?" என்று கீழேயிருந்து மகள் கத்தினாள்.

கையை நீட்டிப் பார்த்தார்.

"வருதும்மா" என்றார்.