வரவேற்கப்பட்ட பேருந்து

ஜேர்மனியின் வுப்பர்டால் தமிழ் மன்ற மண்டபம் நகரின் விளிம்பில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பேருந்து செல்வதில்லை. கார் ஓட்டத் தெரியாத கமலநாயகி, முழங்கால் வலியோடு நடந்தே அங்கே பிரார்த்தனைக்குப் போவார். அவரை வேறு யாரேனும் ஏற்றிவருவார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டார்கள்.

ஆகவே, காபன் வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டத்தை நகரசபை அறிவித்தபோது, வீடு வீடாகச் சென்று நாற்பத்திரண்டு கையொப்பங்களைத் திரட்டியவர் அவரே. காரை வீட்டில் விட்டுப் பேருந்தில் வருவதாக அனைவரும் எழுத்தில் உறுதியளித்தார்கள். நகரசபை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மின்பேருந்து ஒன்றைச் சோதனையாக அனுப்பச் சம்மதித்தது. முப்பது பேர் ஏறினால் சேவை நிரந்தரமாகும். கடைக்காரர் மகேந்திரராஜா வடை தர முன்வந்தார். அரசும் வணிகமும் மக்களும் கைகோத்துவிட்டதாக மன்றத் தலைவர் தங்கராசா அறிவித்தார்.

அந்த ஞாயிறு காலை, பேருந்துத் தரிப்பில் கமலநாயகி மட்டுமே நின்றார். தங்கராசாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? பஸ் வரப்போகுது."

"நாங்கள் எல்லாரும் மண்டபத்திலை, தங்கச்சி."

"எப்பிடிப் போனியள்?"

"காரிலைதான். நகரசபையிலையிருந்து ஆள் வருது. வாசலிலை நிறைகுடம் ஆர் வைக்கிறது?"

"நாற்பத்திரண்டு பேருமோ வைக்கிறியள்?"

"ஒராளைக் கூப்பிட்டு மற்றாளை விட்டால் கோவிப்பினம். நீங்கள் அதிலையே நில்லுங்கோ, எங்கடை பெடியன் நிலக்சனைக் காரோடை அனுப்பிறன்."

"வேண்டாம் அண்ணை. வரவேற்கிறதுக்கு பஸ்ஸிலை ஒராளெண்டாலும் வரவேணுமெல்லோ."

பேருந்து மேடேறியது. சாலையின் இருமருங்கும் கார்கள் நின்றதால் மண்டபத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. நகரசபை அதிகாரி பிராண்ட் அம்மையாருக்குப் பன்னீர் தெளித்துச் சந்தனமும் மாலையும் அளித்தார்கள். பேருந்தின் முகப்பிலும் ஒரு மாலை ஏறியது. அதிகாரி பயணிகளை எண்ணினார்: ஒருவர். பிறகு கார்களை எண்ணினார். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. தங்கராசா ஒத்துழைப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

மூன்று வாரங்களில் பதில் வந்தது. பேருந்துக்குத் தேவை இல்லை. வாகனத் தரிப்பிடத்துக்கோ பெருந்தேவை தெரிகிறது. ஆகவே காலநிலைத் திட்டத்தின் கீழ் நாற்பது கார்களுக்கு இடம் அமைக்கப்படும், ஓரத்தில் இரண்டு மரங்களும் நடப்படும்.

மன்றம் ஏகமனதாக நன்றிக் கடிதம் ஒன்றை எழுதியது. அதில் அனைவரின் கையொப்பமும் வேண்டும் என்றார் தங்கராசா. பிறகு அதைக் கமலநாயகியிடம் நீட்டினார்.

"நீங்களே ஒருக்கால் வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி. உங்களுக்குத்தானே நடந்து பழக்கம்."