மைனஸ் இரண்டு வந்த வீடு

கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்ற மறு செவ்வாய்க்கிழமை, பதினோரு வருடங்களுக்கு முன் அவர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய மைனஸ் இரண்டு, வீடு தேடி வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டில் எதை எண்ணினாலும் இரண்டு குறைந்தது, அவ்வளவுதான். ஐந்து தம்ளர் வைத்தால் மூன்று. வீட்டில் இருந்ததோ வாத்தியாரும் மனைவியும் மட்டும். தபால்காரர் இருவர் முகத்தையும் நேராகப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று எழுதிப் போனார். பால்காரரும் வருவதை நிறுத்திவிட்டார்.

"ஆளே இல்லாத வீட்டுல யாருக்குச் சமைக்கிறேன்னே தெரியல. உங்க பொண்ணு எழுதின விடைதானே இது?" என்றாள் மனைவி.

அதுதான். எக்ஸின் வர்க்கத்தில் இரண்டு எக்ஸைக் கழித்து, இரண்டை அடிமானமாக வைத்து மடக்கை, அதாவது லாகரிதம், எடுத்தால் மூன்று, எக்ஸ் எவ்வளவு? அவருடைய பள்ளியிலேயே படித்த மகள் நான்கு, மைனஸ் இரண்டு என்று எழுதியிருந்தாள். மடக்கைக்குள் மைனஸ் போகாது என்று, இருபத்து மூன்று வருடப் பழக்கதோஷத்தில் ஒரே கோடாகக் கிழித்தார். "போட்டுப் பாருங்கப்பா" என்று அவள் கெஞ்சினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். ஒரு மதிப்பெண்ணில் உதவித்தொகை போனது. மகளும் வெளியூர் போனாள், பேச்சும் நின்றது.

சரியாகவே இருந்து இருந்து களைத்துப்போன மனிதர் அவர். அன்று மதியம் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தார். மைனஸ் இரண்டின் வர்க்கம் நான்கு. கழிக்கப் போனது கூடி இன்னொரு நான்கு. உள்ளே எட்டு. எட்டுக்கு மடக்கை மூன்றேதான். மைனஸ் உள்ளே போகவே இல்லை. அவர் வெகுநேரம் அழுதார். பிறகு அந்த ஐந்து வரிகளை அப்படியே எழுதி, கீழே ஒரு மதிப்பெண் போட்டு, மகளின் முகவரி எழுதி, தானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் சேர்த்தார்.

மாதக் கடைசியில் மகள் கணவனோடு வந்தாள்.

"போட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா. உன்னுது சரி."

அவள் கூடத்து நாற்காலியைத் துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மைனஸ் இரண்டு போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தெம்பில்லை. மறுநாள் கணக்கெடுக்க வந்தவர் நான்கு பேரையும் பார்த்து, இரண்டு என்று எழுதினார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தும் வாத்தியார் திருத்தவில்லை.