பாட்டுக்குள் ஒரு குதிகால் சத்தம்

1

இந்தக் கதைக்கு எனக்கு வழி பிறந்தது என் கணவர் ரூஃபஸின் அடக்கத்தன்று. சர்ச்சில் நாலு வார்த்தை பேசலாம் என்று எழுந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அழுகையில் நின்றுவிட்டேன். நம் பக்கமாக இருந்தால் யாராவது ஓடி வந்து தோளைப் பிடித்துக் கூட்டிப் போய் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே, கறுப்பின மக்களின் இந்தச் சர்ச்சில், யாரும் எழுந்து வரவில்லை. ஆர்கன்காரர் மட்டும் மெல்ல ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவசரமே இல்ல, கண்ணு."

அப்புறம் இன்னொரு குரல், "அவசரமில்ல." அப்புறம் சர்ச் முழுக்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தச் சுருதி என்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதன் பிறகு பேசினேன். ரூஃபஸைப் பற்றிச் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அந்த முதல் குரல் அர்னெட்டா கோயின்ஸுடையது. எங்கள் தெருக்காரர், எண்பதைத் தொடப்போகிறவர். அவர் சின்ன வயதில் தன் சிநேகிதி ஒஸெல்லாவோடு பாடிய ஒரு பாட்டைக் கல்யாணத்தில் போடாத வீடு இந்த டெட்ராய்ட்டில் கிடையாது. அது எப்படி உண்டானது என்று மட்டும் அவர் வாயைத் திறந்ததில்லை. நன்றி சொல்ல ஒரு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கேக் சுமாராகத்தான் வந்திருந்தது. கதை நன்றாக வந்தது.

"எழுதிக்கோ," என்றார் கடைசியில். "ஆனா உங்க மொழியில எழுது. ஒஸெல்லா படிச்சிடக் கூடாது."

அதனால்தான் தமிழ்.

* பெயர்களை மாற்றிவிட்டேன். பாட்டின் பெயரையும்தான். தேடிப் பார்த்து ஏமாறாதீர்கள்.

2

1964ஆம் ஆண்டு கோடையில், கார்த் தொழிற்சாலைகளின் புகை மண்டிய வானத்தின் கீழே

(அடித்துவிட்டேன். ஆவணப்படத்துக்குக் குரல் கொடுக்கிறவர் மாதிரி இருக்கிறது.)

மூன்று பெண்கள், மூன்று கனவுகள், ஒரே

(இதுவும் வேண்டாம். கனவு மூன்றாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரே கனவை இரண்டு பேர் கண்டதுதான் சிக்கல்.)

சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். ஒஸெல்லா ப்ரூயிட்டின் வீட்டுச் சமையலறை. அடுப்பில் இரும்புச் சீப்பு காய்ந்துகொண்டிருக்கிறது. ஒஸெல்லாவின் அம்மா அதை எடுத்துத் துணியில் ஒற்றிப் பார்த்துவிட்டு, அர்னெட்டாவின் சுருள்முடியில் வைத்து நேராக்கி இழுக்கிறார். "காதைப் பிடிச்சுக்கடி, சுட்டா என்னைச் சொல்லாத." அர்னெட்டா ஒரு காதை மடக்கிப் பிடித்துக்கொண்டே பாடுகிறாள். ஒஸெல்லாவும் வில்லா மேயும் தங்கள் முறைக்காக உட்கார்ந்து கூடவே பாடுகிறார்கள். மூன்று பேரும் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். அந்தச் சமையலறையில்தான் அவர்கள் ஒரு குழுவானார்கள். யார் நடுவில் நிற்பது என்பதும் அங்கேதான் முடிவானது.

"ஒஸெல்லா நடுவுல. நீங்க ரெண்டு பேரும் பின்னால," என்றார் ஒஸெல்லாவின் அம்மா.

"ஏன், அவ மட்டும் என்ன ஒசத்தி?" என்றாள் அர்னெட்டா, காதை விடாமல்.

"உனக்கு எங்க நின்னாலும் பாட வரும்டி. அவளுக்கு நடுவுல நின்னாத்தான் வரும்."

அர்னெட்டாவுக்கு அன்றைக்கு அது பாராட்டா திட்டா என்று புரியவில்லை. இந்த வயதிலும் புரியவில்லை என்றார். ஆனால் அன்றிலிருந்து ஒஸெல்லாவின் வரிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நடுவில் நிற்கிறவள் எப்போதும் அர்னெட்டாதான்.

3

குழுவுக்கு வெர்னெல்ஸ் என்று பெயர் வைத்தவர் மிஸ்டர் பீக், ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனியின் முதலாளி. பல் டாக்டர் ஒருவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் கம்பெனியை நடத்திவந்தார். முதல் பாட்டு வெளிவந்த சுவடு தெரியவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் அதே கதி. மூன்றாவதும் படுத்தால் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். இதற்கிடையில், அந்த வசந்தத்தில், ஒஸெல்லாவின் அம்மா இறந்துபோனார்.

மூன்றாவது பாட்டை எழுதி, பதிவையும் நடத்தியவன் க்ளோவிஸ் ஹார்க்ரோவ். விட்டுப் போன காதலனுக்காகக் காத்திருக்கிறவள் பாடுகிற பாட்டு. அதில் ஒரு வரி: 'வாசல் விளக்கை நான் அணைக்கவே இல்லை.' பாவம், அவனுக்கு என்ன தெரியும்? மூன்று பெண்களும் பாடிவிட்டு வீடு திரும்புகிற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்காமல் விழித்திருந்தவர் ஒஸெல்லாவின் அம்மா. அந்த வரி வந்ததும் ஒஸெல்லாவின் குரல் நின்றுபோனது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாமே கூடவே வாசித்துப் பதிவாகிற காலம். ஒருத்தி நின்றால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாத்தியக்காரர்கள் மாலையில் கிளப்புகளுக்கு வாசிக்கப் போகவேண்டியவர்கள். மதியமே அவர்கள் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

சோடா குடிக்க இடைவேளை விட்டார்கள். ஹார்க்ரோவ் அர்னெட்டாவைத் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்தினான்.

* அந்த மாடிப்படியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு எதிரொலி சேர்க்க அங்கே ஒரு ஸ்பீக்கரும் மேல்படியில் ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். பாடுகிற குரலைப் படிக்கட்டில் ஒலிக்கவிட்டு, மைக்கில் திரும்பப் பிடித்து, டேப் ஓடுகிற கருவி அறைக்குக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அந்த மைக்கைக் கட்டித் தொங்கவிட்டவனே ஹார்க்ரோவ்தான்.

"இன்னொரு தடவை அவ நின்னா நான் டேப்பை நிறுத்தமாட்டேன்," என்றான். "நீ முன்னால போ. முன் மைக்ல அதே வரியிலிருந்து நீ பிடிச்சுக்கோ."

"அப்ப அவ?"

"பின்னால நின்னு 'ஊ'ன்னு பின்பாட்டு போடட்டும். கேவலமான வேலையா என்ன? நீதான் பண்ணிட்டிருக்கியே."

(இந்த இடத்தில் அர்னெட்டாவை 'அவ என் சிநேகிதி, என்னால முடியாது' என்று சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அழகான பக்கம். எழுதியதை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் சரின்னுதான் சொன்னேன், கண்ணு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அன்னைக்குப் புது ஷூ வேற போட்டிருந்தேன்." அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நல்லவளாக்கிவிட்டால் அவளுக்கு என்ன பெருமை மிஞ்சும்?)

4

டேப் ஓடியது. பியானோக்காரன் எல்பர்ட் வாசிக்கத் தொடங்கினான். வாரமெல்லாம் கிளப்பில் வாசிக்கிற விரல்கள் அவை, ஞாயிறு காலையில் மட்டும் சர்ச் ஆர்கனில் இருக்கும். முன் மைக்கில் ஒஸெல்லா. பின்னால் ஒரே மைக்குக்கு அர்னெட்டாவும் வில்லா மேயும். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவது அடியும் போனது. வாசல் வந்தது. விளக்கு வந்தது. ஒஸெல்லா நின்றுவிட்டாள்.

ஸ்டூடியோவில் பாடுகிறவள் நின்றால் வாத்தியம் நிற்க வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் முறை. எல்பர்டின் கைகள் நிற்கவில்லை. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு, முன்னால் ஒருத்தி பாட முடியாமல் நிற்பது தெரிந்ததும், தான் இருப்பது பல் டாக்டர் வீடு என்பது மறந்துபோனது. அதே இரண்டு கட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து அவளுக்காகக் காத்திருந்தான். பேஸ்காரனும் சர்ச்சில் வளர்ந்தவன்தான். அவனும் கூடவே காத்திருந்தான்.

அர்னெட்டா கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். புது ஷூவின் குதிகால் மரத்தரையில் டக்கென்று விழுந்தது. வாயில் அந்த வரி தயாராக இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் எத்தனை தடவை பாடியிருப்பாள்! நடுவிடம் ஒரு எட்டில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அவசரமில்ல..."

வந்தது அதுதான். இழுத்து, பாடி, பாட்டின் சுருதியிலேயே வந்தது. வில்லா மே ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மேலே ஏறி அதையே பாடினாள். "அவசரமில்ல, அவசரமில்ல." சுற்றிச் சுற்றி அதையே பாடினார்கள். பிறகு எங்கிருந்தோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒஸெல்லாவின் குரல் வந்தது. உடைந்துதான் வந்தது. வரவர நெருங்கி, அந்த விளக்கு வரியை முழுதாகப் பாடி முடித்தது.

("ஏன் அதைப் பாடினீங்க, மிஸ் அர்னெட்டா?" என்று கேட்டேன். "தெரியல கண்ணு. எங்க சர்ச்ல ஒருத்தி நின்னுட்டா வாயில அதுதான் வரும். தும்மினா வாயை மூடுறோமே, யோசிச்சா மூடுறோம்?" பழக்கமா, பாசமா? எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. இரண்டையும் பிரிக்கத் தெரியாத மனிதர்களோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். கொடுத்துவைத்தவள் நான்.)

5

மிஸ்டர் பீக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "நடுவுல பாட்டு நின்னுபோகுது. ரேடியோக்காரன் ரெக்கார்டு கீறல்னு நினைச்சுத் தூக்கி எறிவான்." ஹார்க்ரோவ் முதல் தடவையாக முதலாளியை எதிர்த்துப் பேசினான். "எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இந்த இடம் வந்ததும் சர்ச்ல உருகித் தூக்குற மாதிரி கையைத் தூக்கிட்டா. நீங்க வெட்டுறதா இருந்தா அவகிட்ட வந்து சொல்லிட்டு வெட்டுங்க." முதலாளி வெட்டவில்லை.

மற்றது ஊரறிந்த விஷயம். 'அவசரமில்ல' என்றே பாட்டுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கோடை முழுவதும் ஜன்னலுக்கு ஜன்னல் அதுதான் கேட்டது. குதிகால் சத்தத்தை அழிக்க முடியவில்லை. அதைப் புது மாதிரித் தாளம் என்று நினைத்து மற்றக் கம்பெனிகள் மரப்பலகையைத் தட்டிப் பார்த்தன. தூரத்திலிருந்து நெருங்கி வருகிற ஒஸெல்லாவின் குரலை ஹார்க்ரோவின் மூளை என்று பாராட்டினார்கள். அவனும் மறுக்கவில்லை.

அர்னெட்டா கடைசி வரை நடுவில் நிற்கவில்லை. ஒஸெல்லாவின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் எந்த மேடையாக இருந்தாலும் அந்த இடம் வந்தால் ஒஸெல்லா நின்று, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அர்னெட்டாவைப் பார்த்தே நிற்பாள். அர்னெட்டா சொன்ன பிறகுதான் பாடுவாள். வில்லா மே அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். ஏனென்று கேட்டால், "உங்க ரெண்டு பேருக்கும் மூளை இல்ல," என்பாள். அதற்கு மேல் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"நான் அவ இடத்தைப் பிடுங்கத்தான் காலெடுத்து வெச்சேன்," என்றார் அர்னெட்டா, என் சுமாரான கேக்கை இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டே. "அவ என்னடான்னா வாழ்க்கை முழுக்க எனக்கு நன்றி சொல்லிட்டிருக்கா. அந்தச் சத்தம் என்னன்னு தெரிஞ்சா என்னைத் திரும்பிப் பார்ப்பாளா? ஒவ்வொரு தடவை ரேடியோவுல அந்த டக் கேக்கும்போதும் எந்திரிச்சுப் போய் அதை அணைச்சிடுவேன்."

6

முடிவுக்கு வந்துவிட்டேன். கைவசம் சில இருக்கின்றன.

அர்னெட்டா ரகசியத்தை மனசிலேயே வைத்துக்கொண்டு சர்ச் பெஞ்சில் ஒஸெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பாட்டு ஒலிக்கிறது, ஜன்னல் வழியே வெயில்

(வெயிலை வரவழைத்தாலே எழுதுகிறவளுக்கு விஷயம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.)

ஒஸெல்லா உண்மை தெரிந்து கோபத்தில்

(இதை எழுதுவதற்கு முன்னால் அவரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.)

ஒஸெல்லா ப்ரூயிட் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் கேட்டார்.

"அந்த மாடிப்படி மைக் பத்தி அவ உன்கிட்ட சொன்னாளா?"

"எதிரொலிக்காக வெச்சதுன்னு சொன்னாங்க, மிஸ் ஒஸெல்லா."

"அதை யாரும் அணைக்கலடி. இடைவேளையில நான் கருவி அறையில உக்காந்து சோடா குடிச்சிட்டிருந்தேன். வில்லா மேயும் கூட இருந்தா. அந்த முட்டாள் ஹார்க்ரோவ் ரகசியம் பேச வேற இடம் தேடல. அவன் பேசினது, அவ சரின்னு சொன்னது, எல்லாம் அந்த அறை ஸ்பீக்கர்ல அட்சரசுத்தமா வந்துச்சு. எதிரொலியோட."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"எனக்குக் கோபம் வரல," என்றார். "அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வரியை என்னால பாட முடியாதுன்னு எனக்கே தெரியும். அவ என்னைவிட நல்லாப் பாடுவா, அதுவும் தெரியும். குதிகால் சத்தம் கேட்டுச்சு. அவ வர்றான்னு நகர்ந்து இடம் விட்டேன். சுவர்வரைக்கும் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா, அந்தக் கழுதை அங்கேயே கண்ணை மூடி நின்னுக்கிட்டு எனக்காக 'அவசரமில்ல'ங்குறா. மைக் காலியாக் கிடக்கு. நான் என்ன பண்ணுவேன்? சுவர்லேருந்தே பாடிக்கிட்டு வந்தேன்."

தூரத்துக் குரல். ஹார்க்ரோவின் மூளை.

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதைச் சொல்ல? நீ எடுக்க வந்தது எனக்குத் தெரியும்னா? அவ கூசிப் போயிடுவாடி. எங்கம்மாவுக்கு அப்புறம் எனக்கு வாசல் விளக்கைப் போட்டு வெச்சவ அவ ஒருத்திதான்." முந்தானை இருந்திருந்தால் கண்ணைத் துடைத்திருப்பார். கையால் துடைத்துக்கொண்டார். "எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா உங்க மொழியில எழுது. அர்னெட்டா படிச்சிடக் கூடாது."

7

போன ஞாயிறும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நான். அர்னெட்டாவின் தொப்பி மறைக்கிறது என்று ஒஸெல்லா முணுமுணுக்க, "அப்ப நீ நடுவுல வந்து உக்காரு, உனக்குத்தான் அது பழக்கமாச்சே," என்றார் அர்னெட்டா. ஒருத்தி எடுக்க வந்ததற்காக அறுபது வருஷமாகக் கூசுகிறாள். இன்னொருத்தி கொடுக்க நகர்ந்ததைச் சொல்லாமல் காப்பாற்றுகிறாள். ஒரே ஒரு வாக்கியத்தில் என்னால் இதைத் தீர்த்துவிட முடியும். ஆனால் இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் நின்றுபோன இடத்தில் என்னைத் தாங்கியவர்களுக்குக் கொடுத்த வாக்கு.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இனிமேல் இது நீங்களும் நானும் வைத்திருக்கிற ரகசியம். சொல்லிவிடலாமா, அப்படியே விட்டுவிடலாமா? யோசித்துச் சொல்லுங்கள்.

அவசரமில்லை என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் இருவருக்கும் எண்பது ஆகப்போகிறது. கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள்.