பேட்டரி தீர்ந்த நேரத்துக் குரல்

முன்னறை சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் படப்பிடிப்பு விளக்குகளை நிறுத்திவைத்திருந்தார்கள். எங்கள் இசைக்குழுவைப் பற்றிப் படம் எடுக்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கிதார் வாசித்த என் அண்ணன் நடுவில். ஒரு பக்கம் நான், மறுபக்கம் டிரம்ஸ் அடித்த டப்பா. அவனுக்கு என்றைக்கும் அதுதான் பெயர்.

அண்ணன் வரலாறு சொன்னார். நூற்பாலையில் எங்கள் அம்மா பாடிய பாட்டுகளை எடுத்தது, கிதார் தந்திகளை ஒரே சுருதிக்கு இறக்கியது, எதிரொலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்பவர் தலையைச் சுற்றவைத்தது. வந்தது ஒரே ஒரு இசைத்தட்டு. அதில் பாடிய பெண், அதாவது நான், பிறகு மேடையில் வாயே திறக்காமல் மௌனத்துக்குள் போய்விட்டாளாம்.

"அது இந்த உலகத்துக் குரலே இல்ல," என்றாள் படமெடுக்க வந்தவள். "நாலு வரி பாடுங்க ஆன்ட்டி."

"பாடும்மா," என்றாள் டீத் தட்டோடு நின்ற என் மகள். அவள் போன் அடிப்பதே அந்தப் பாட்டில்தான்.

அது என் குரல் இல்லை என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். மின்சாரம் இல்லாத ஒரு கிடங்கில் பதிவு செய்தோம். பேட்டரி தீர்ந்துகொண்டே வந்ததில் டேப் மெதுவாகச் சுற்றியதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் மின்சாரத்தில் போட்டுக் கேட்டால் எல்லாமே வேகம். என் கட்டைக் குரல் கண்ணாடி இழையாக மெலிந்து உச்சத்தில் நின்றது. "இப்பதான் குரல் மாதிரி இருக்கு, இப்படியே விடு," என்று அண்ணன் துள்ளிக் குதித்தார். நானும் தலையாட்டினேன். என் மௌனம் ஞானத்தில் வந்ததல்ல. அந்த உச்சம் எனக்கு எட்டாது, அவ்வளவுதான்.

பாடினேன். என் சுருதியில்தான் பாட முடிந்தது. இரண்டாவது வரியில் அந்தப் பெண்ணின் முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை வந்து ஒட்டிக்கொண்டது.

"வயசாயிடுச்சுல்ல, குரல் இறங்கத்தானே செய்யும்," என்றார் அண்ணன் அவசரமாக.

அந்தச் சாக்கு நல்ல மறைவிடம். உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதைத் தாங்க முடியவில்லை.

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கிப் போடுங்க," என்றேன் அவளோடு வந்திருந்த ஒலிப்பதிவாளரிடம். "இன்னும். இன்னும் கொஞ்சம்."

அண்ணன் தரையைப் பார்த்தார். கிதார் கனத்து இறங்கியது.

"நான் இவ்ளோ மெதுவாவா அடிச்சேன்?" என்றான் டப்பா.

"நீ என்னைக்குடா முழிச்சிட்டு அடிச்சிருக்க?" என்றேன்.

பிறகு குரல் வந்தது. தடித்த, லேசாகக் கரகரத்த, ஒரு பெண்ணின் சாதாரணக் குரல்.

"ஐயோ, இது எங்கம்மா!" என்றாள் மகள். "நான் எழுந்திருக்கலன்னா கத்துவாங்களே, அதே குரல்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் மெல்லச் சொன்னார்: "நல்லாத்தான் பாடியிருக்க."

அந்தக் குரலை நானும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். இல்லாத குரலுக்குப் புகழ் வாங்கியதுதான் என் வெட்கம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இது வேறு. டேப்பில் இருந்த அந்த இளம்பெண் அம்மாவின் பாட்டைத் துளி சந்தேகமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். பதிவு செய்த அன்று மாலையே அவள் குரலை வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்களில் நானும் இருந்தேன். அது அவளுக்குத் தெரியவில்லை. காது வரை எரிந்தது எனக்கு.

"இதைப் படத்துல வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வெச்சுக்கோங்க," என்றேன். "இந்த விளக்கை மட்டும் அணைச்சிடுங்க. என் மூஞ்சி வேண்டாம்."