இரண்டு இணைப்புக்கு ஒரே படம்

அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவள்தான் என்று ஊருக்குத் தெரிய ஒரு பொழுதுகூட ஆகவில்லை. பாதுகாப்பு ஆய்வாளரை யாரும் மாலை போட்டு வரவேற்பதில்லைதான். ஆனால் விடுதிக்காரர் அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ரூமை வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சும்மா" என்றார், முகம் பார்க்காமல்.

பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானுக்கு அதே நிலையத்தில் வெல்டர் வேலை. அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எங்க வயித்துல அடிச்சிட்டு இங்கயே வந்து நிக்கறியா?"

"அக்கா, உலையைக் குளிர்விக்கிற தண்ணிக் குழாயில பத்தவெச்ச இணைப்பு ரெண்டு. உள்ள விரிசல் இருக்கான்னு பாக்க ஒவ்வொண்ணையும் எக்ஸ்ரே எடுக்கணும். ரெண்டுக்கும் ஒரே படத்தை வெச்சிருக்காங்க. புள்ளி, கீறல் எல்லாம் அச்சு அசல். அப்ப ஒண்ணைப் படமே எடுக்கலைன்னுதானே அர்த்தம்?"

"படம் எடுக்கலைன்னா குழாய் கெட்டுப்போச்சா?"

கெட்டதா நல்லதா என்று அவளுக்கும் தெரியாது. தெரியாமல் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் மண்டபத்தில் கூட்டம். உட்கார இடமில்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள்.

"புகை கிடையாது, இருபது வருஷமா விபத்து கிடையாது. ஊரே உலை வேணும்னு நிக்குது. உங்க காகிதம்தான் குறுக்க நிக்குது" என்றார் பள்ளி ஆசிரியை. கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

"நானும் வேணும்னு சொல்றவதான்" என்றாள் இவள். மண்டபமே சிரித்தது.

அப்போது அத்தான் எழுந்தார். "அதுல ஒரு இணைப்பைப் பத்தவெச்சவன் நான். என் வீட்டுல தங்கிப் படிச்சவ, என் கையை நம்பமாட்டேங்கறா!"

"உங்க கை மேல சந்தேகமில்ல அத்தான். படம் எடுக்காம விட்டது நீங்க இல்லையே."

"அப்ப அவனையும் கண்டுபிடிச்சு வேலையை விட்டுத் தூக்கு. ஒரு குடும்பம் பத்தாதா உனக்கு?"

எங்கிருந்தோ பறந்து வந்த தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டது. யாரும் எறிந்தவனை அதட்டவில்லை.

நான்காம் நாள் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். "ஆணையை வாபஸ் வாங்கி எழுதிடுங்க. மேல ரொம்ப நெருக்கறாங்க."

"எழுத மாட்டேன் சார்."

வேறொருவர் எழுதினார். உலை ஓடியது. வண்டிகள் ஹாரன் அடித்தபடி ஊரைச் சுற்றி வந்தன. அவளைத் தலைமை அலுவலகத்தில் ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஏழு மாதம் கழித்து, வழக்கமான பராமரிப்புக்காக உலையை நிறுத்தியபோது அந்த இரண்டு இணைப்பையும் படம் எடுத்தார்கள். அத்தான் பற்றவைத்ததன் உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல். சத்தமில்லாமல் வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வைத்தார்கள். அறிக்கை அவள் மேசைக்கே கோப்பில் சேர்க்க வந்தது. பற்றவைத்தவர் தவறு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அத்தானைக் கருவிக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே படத்தை இரண்டுக்கும் வைத்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப குளுந்துச்சா மனசு?" என்றாள் அக்கா. "அன்னிக்கு நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா, அந்த இணைப்பை யாரு தேடிப் போயிருப்பா?"

"அக்கா, அது உடைஞ்சிருந்தா அத்தான் உள்ள இருந்திருப்பாரு."

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "யாரு போன்ல?"

"யாருமில்ல" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.